கிராம்பஸைப் பார்த்தால் ஆயரைத் தேடுங்கள்

டிசம்பர் முதல் வாரம் ஆறு வயது மகளோடு ஆஸ்திரியாவில் இருக்கும் சால்ஸ்பர்க் போகப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். கொம்பும் ரோமமும் தொங்கும் நாக்குமாக ஆட்கள் தெருவில் ஓடுகிற வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு மூன்று கேள்விகள் கேட்கிறீர்கள். கிராம்பஸ் என்கிற இந்த உருவம் கிறிஸ்தவத்துக்கு முந்தைய தெய்வமா? வட ஐரோப்பாவின் நார்ஸ் புராணத்தில் வரும் ஹெல் என்ற மரண தேவதையின் மகன் என்று எழுதியிருக்கிறார்களே, அது உண்மையா? சின்னப் பிள்ளைகளை இப்படி மிரட்டுவதில் என்ன நியாயம்? நீங்கள் உண்மையில் கேட்பது, இவன் யாருடைய ஆள் என்பதைத்தான் என்று நினைக்கிறேன். அது தெரிந்துவிட்டால் மற்ற இரண்டுக்கும் பதில் தானாக வந்துவிடும்.

வியன்னாவில் நாட்டார் வழக்காற்றியல் படித்தேன். அப்புறம் ஒன்பது குளிர்காலங்கள் சால்ஸ்பர்க் மாநிலத்தின் மலைப் பள்ளத்தாக்குகளில் முகமூடி செதுக்குபவர்களோடும் அதைப் போட்டுக்கொண்டு ஓடுபவர்களோடும் பழகியிருக்கிறேன். காஸ்டைன், ரௌரிஸ் இரண்டும் எனக்கு நன்றாகத் தெரிந்த இடங்கள். ஸ்லோவேனியா, தென் டிரோல் பக்கத்தைப் படித்துத்தான் தெரியும், அதனால் அங்கே உள்ளதைத் தொட்டுவிட்டுப் போகிறேன்.

ஹெல் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். இல்லை. அவளைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி 13ஆம் நூற்றாண்டு ஐஸ்லாந்தில் எழுதப்பட்ட எட்டா (Edda) என்ற தொன்ம நூல்களிலிருந்து வருகிறது. அவளுடைய தட்டின் பெயர் பசி, கத்தியின் பெயர் பஞ்சம் என்று சொல்லும் அளவுக்கு அதில் விவரம் இருக்கிறது. அவளுடைய வேலைக்காரன், வேலைக்காரியின் பெயர்கூட இருக்கிறது. பிள்ளை இல்லை. ஐஸ்லாந்துக்கும் ஆல்ப்ஸ் மலைக் கிராமத்துக்கும் நடுவே இந்தக் கதையைச் சுமந்து வந்த பழைய ஏடு ஒன்றும் இல்லை. இது நம் காலத்தில் பிறந்து, ஒருவர் எழுதியதை இன்னொருவர் எடுத்து எழுதியே பரவிய செய்தி.

கிராம்பஸ் ஒரு புனிதருடைய ஆள். டிசம்பர் 6 புனித நிக்கோலாஸின் திருநாள். இன்றைய துருக்கியில் இருக்கும் மைரா என்ற ஊரின் ஆயராக, அதாவது பிஷப்பாக இருந்தவர், குழந்தைகளின் பாதுகாவலர். அவருடைய திருநாளுக்கு முந்தைய மாலை, அதாவது டிசம்பர் 5, கிராம்பஸ் இரவு. மடப் பள்ளிகளில் ஒரு பையனையே ஒரு நாள் ஆயராக்கி உட்காரவைக்கும் வழக்கம் இடைக்காலத்திலேயே இருந்தது. ஆயர் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை விசாரிப்பதும், கூடவே பிசாசு வேடத்தில் ஒருவன் வருவதும் தெளிவாகத் தெரிவது 17ஆம் நூற்றாண்டிலிருந்துதான். அதற்கு ஒரு காரணம் உண்டு. பரிசு கொடுக்கும் வேலையைப் புனிதர்களிடமிருந்து எடுத்துக் குழந்தை இயேசுவிடம் கொடுத்தது லூத்தரின் சீர்திருத்தம். கத்தோலிக்கர்களாகவே இருந்த ஆஸ்திரியாவிலும் தெற்கு ஜெர்மனியின் பவேரியாவிலும் திருச்சபை அதற்கு நேர்மாறாக நிக்கோலாஸைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. அவரை வீட்டுக்குள் அனுப்பி, ஜெபம் தெரியுமா, ஞானோபதேசம் படித்தாயா என்று கேட்கவைத்தது. பிசாசு மேடையில் தோன்றும் சமய நாடகங்கள் அன்றைக்கு ஊர் ஊராக நடந்துகொண்டிருந்தன. அந்த மேடைப் பிசாசைத்தான் ஆயர் சங்கிலி போட்டுக் கூட்டி வருகிறார். பல ஊர்களில் கிராம்பஸ் கையில் இன்றும் சங்கிலி இருக்கிறதே, அது கட்டுப்பட்டவன் என்பதற்கு அடையாளம். பெயரைப் பொறுத்தவரை, கொக்கி அல்லது நகம் என்ற பொருளுள்ள கிராம்பன் என்ற சொல்லிலிருந்து வந்தது என்பது வழக்கமான விளக்கம். காய்ந்து சுருங்கியது என்ற பொருளுள்ள பவேரிய வட்டாரச் சொல்லைக் காட்டுபவர்களும் உண்டு. இந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

வீட்டுக்குள் இது எப்படி நடக்கிறது என்று பார்த்தால்தான் புரியும். காஸ்டைன் பள்ளத்தாக்கில் ஒரு குழுவுக்குப் பாஸ் என்று பெயர். ஒரு நிக்கோலாஸ், ஒரு தேவதூதன், முதுகில் பரிசுக்கூடை சுமக்கும் ஒருவர், அப்புறம் நாலைந்து கிராம்பஸ்கள். டிசம்பர் 5, 6 இரண்டு நாள்தான். பெற்றோர் முன்கூட்டியே சொல்லிவைத்த வீடுகளுக்குத்தான் போவார்கள். நான் முதன்முதலில் பார்த்தது ஒரு பண்ணை வீட்டில். அறை மூலையில் சுவரோடு சேர்ந்த பெஞ்சு, முன்னால் கனமான சாப்பாட்டு மேசை. பிள்ளைகள் மூன்று பேரையும் மேசைக்குப் பின்னால், சுவர் ஓரமாக உட்காரவைத்திருந்தார் பாட்டி. ஏழு வயதுப் பையன் ஒருவன் மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான். வெளியே பனியில் மணிச் சத்தம் முதலில் மெல்லக் கேட்டது. மாட்டுக் கழுத்து மணியைவிடப் பெரியதை இடுப்பின் பின்பக்கம் கட்டியிருப்பார்கள், நடக்க நடக்க அடிக்கும். கதவு திறந்ததும் உள்ளே வந்தது ஆயர் மட்டும். மணிச் சத்தம் வாசலிலேயே நின்றுவிட்டது. அவர் பெரிய புத்தகத்தைத் திறந்து ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டார். தங்கையைக் கிணற்றடியில் தள்ளிவிட்டது, பன்றிக்குத் தீனி வைக்க மறந்தது, பள்ளியில் நன்றாகப் பாடியது, எல்லாம் அந்தப் புத்தகத்தில் இருந்தது. அம்மா எழுதிக் கொடுத்த சீட்டு அதற்குள் இருந்ததை நான் நின்ற இடத்திலிருந்து பார்க்க முடிந்தது, பையனால் முடியாது. அவன் ஒரு ஜெபம் சொன்னான், பாதியில் தடுமாறி மறுபடி ஆரம்பித்துச் சொல்லி முடித்தான். கொட்டைகளும் ஆப்பிளும் மாண்டரின் ஆரஞ்சும் கொடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் கிராம்பஸ்கள் உள்ளே வந்தார்கள். ஆட்டு ரோமத்தின் ஈர வாடை அறையை நிறைத்தது. குனிந்துதான் வர முடிந்தது, கொம்பு விட்டத்தில் இடித்தது. பிர்ச் விளாரை மேசை மேல் ஓங்கி அடித்தார்கள். பையன் மேசைக்குக் கீழே போகப் பார்த்தபோது ஆயர் தன் செங்கோலைக் குறுக்கே நீட்டினார். நான்கு பேரும் அந்த இடத்திலேயே நின்றார்கள். கை நீட்டிய தூரத்தில்தான் இருந்தார்கள், ஆனால் ஒருவரும் அந்தக் கோலைத் தாண்டவில்லை.

இதைத்தான் வீடியோ காட்டாது. பயம் கதவு வழியாக, அழைத்தபின், ஒருவருடைய கட்டுப்பாட்டில் வீட்டுக்குள் வருகிறது. பிள்ளைக்கு மேசை இருக்கிறது, பக்கத்தில் பாட்டி இருக்கிறார், எதிரே நிறுத்தச் சொல்லும் அதிகாரமுள்ள ஒருவர் இருக்கிறார். மறுநாள் காலையில் அந்தப் பையன் அடுப்படிக் கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு தங்கையைத் துரத்திக்கொண்டிருந்தான். தங்கை சமையல் கரண்டியை நீட்டி அவனை நிறுத்தினாள்.

கிழக்கு டிரோலில் மாட்ரை என்ற ஊரில் இதே மேசையை வைத்து ஒரு போராட்டமே நடக்கும். அங்கே இவர்களுக்குக் கிளௌபௌஃப் என்று பெயர். வீட்டுக்குள் வரும் கிளௌபௌஃப்கள் மேசையை வெளியே இழுத்துப்போகப் பார்ப்பார்கள், வீட்டு இளைஞர்கள் விடாமல் பிடித்து இழுப்பார்கள். மேசை இழுத்தல் என்றே அதற்குப் பெயர். வீட்டின் நடுவே இருக்கும் பொருள் மேசைதான், அதன் மேல்தான் சோறு, ஜெபம், கணக்கு வழக்கு எல்லாம். அதை விட்டுக்கொடுக்காமல் இருப்பதற்கு எவ்வளவு பலம் செலவாகிறது என்று பார்த்தவர்கள் இதை வெறும் முரட்டு விளையாட்டு என்று சொல்ல மாட்டார்கள்.

சரி, அப்படியானால் எதுவுமே பழையது இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, ஆனால் அது வேறு ஆள். அவள் பெயர் பெர்க்தா. கிராம்பஸையும் அவளையும் இன்று சுவரொட்டிகள் ஒன்றாகவே போடுகின்றன. காலமே வேறு. கிராம்பஸ் டிசம்பர் தொடக்கம். பெர்க்தாவுக்குரியது கிறிஸ்துமஸிலிருந்து ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் வரையுள்ள பன்னிரண்டு இரவுகள், குறிப்பாக ஜனவரி 5 இரவு. ரௌநாக்தே என்று அந்த இரவுகளுக்குப் பெயர். வீட்டிலும் தொழுவத்திலும் சாம்பிராணிப் புகை காட்டுவார்கள், துணி துவைத்துக் கொடியில் போடக் கூடாது என்பார்கள். இரவில் காற்றோடு போகும் ஆவிக் கூட்டம் கொடியில் சிக்கிக்கொள்ளும் என்பது நம்பிக்கை.

பெர்க்தாவைப் பற்றி எழுத்தில் இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆம்பெர்க் மார்ட்டின் என்பவர் எழுதிய, பாவங்களை அறிக்கையிடுவதற்கான பாவசங்கீர்த்தனக் கையேட்டில், இரும்பு மூக்குள்ள பெர்க்தாவுக்கு இரவில் சாப்பாடும் பானமும் வைப்பது பாவம் என்று வருகிறது. அடுத்த நூற்றாண்டுப் பிரசங்கிகளும் அவளுக்குப் படையல் வைப்பதைக் கண்டிக்கிறார்கள். கண்டனம் திரும்பத் திரும்ப வந்தால் வழக்கம் நின்றபாடில்லை என்றுதான் அர்த்தம். அவள் வேலை சோதனை போடுவது. ஆளிச் செடி நாரை அந்த ஆண்டுக்குள் நூற்று முடித்தாயா, வீடு பெருக்கியிருக்கிறதா, அவளுடைய நாளில் அவளுக்குரிய கூழும் மீனும் சாப்பிட்டாயா? இல்லையென்றால் வயிற்றைக் கிழித்து வைக்கோலைத் திணித்துத் தைத்துவிடுவாள். கேட்கக் கொடூரமாக இருக்கிறது. ஆனால் பனி மூடிய மலைப் பண்ணையில் குளிர்காலம்தான் நூற்பு காலம், அந்த நூல்தான் துணி, அதுதான் கொஞ்சம் காசும். பண்டிகைக்குள் பழைய வேலையை முடிக்காத வீடு அடுத்த ஆண்டு தடுமாறும். வேலை முடிந்ததா என்று பார்க்க வருபவளுக்கு அவ்வளவு பயம் தேவைப்பட்டது அதனால்தான்.

அவளை இன்றும் பார்க்கலாம். ரௌரிஸ் பள்ளத்தாக்கில் ஜனவரி 5 மாலை அலகுப் பெர்க்தன்கள், அதாவது பறவை அலகோடு அவள் வேடம் போட்டவர்கள், வீடு வீடாக வருவார்கள். பழைய பாவாடை, ஒட்டுப்போட்ட சட்டை, துணியால் மூடிய முகத்திலிருந்து முழ நீளத்துக்கு நீட்டிய அலகு. பேச மாட்டார்கள், கா கா கா என்று சத்தம் மட்டும். கையில் விளக்குமாறு, பெரிய கத்தரிக்கோல், முதுகில் கூடை. கதவைத் திறந்ததும் நேராக மூலை முடுக்குக்குப் போவார்கள், அடுப்புக்கு அடியில் எட்டிப் பார்ப்பார்கள், அலமாரி மேல் விரலால் தடவித் தூசியைத் தூக்கிக் காட்டுவார்கள். குப்பை இருந்தால் வயிற்றைக் கத்தரித்து அதை உள்ளே போட்டுவிடுவதாகச் சைகை. நான் தங்கியிருந்த வீட்டில் கிழவர் ஒருவர் அன்று மத்தியானம் முழுக்கத் துடைத்துக்கொண்டிருந்தார். எண்பது வயதில் எதற்கு என்று கேட்டேன். "அவர்கள் வருகிறார்கள் அல்லவா" என்றார். அலகுகளுக்குள் இருந்தவர்களில் ஒருவன் அவருடைய பேரன் என்பது அவருக்குத் தெரியும்.

பெர்க்தாவின் பெயரையும் நேரடியாகத் தெய்வத்தின் பெயராக எடுத்துக்கொள்ள முடியாது. ஒளிரும் என்ற பழைய ஜெர்மன் சொல்லோடு அது ஒட்டுகிறது. ஜனவரி 6க்கே ஒளிரும் இரவு என்று ஒரு பழைய பெயர் இருந்தது, அந்த நாளின் பெயரே பெண்ணுருவாகி நின்றது என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு. மூத்த தெய்வம்தான் என்பவர்களும் உண்டு. ஜெர்மன் மொழியறிஞர் யாகோப் கிரிம் 1835இல் ஜெர்மானியத் தொன்மங்களைத் தொகுத்தபோது அவளைத் தெய்வம் என்றே எழுதினார். அதற்குப் பிறகு வந்தவர்கள் முகமூடி போட்ட எல்லோரையும் ஆதி ஜெர்மானியச் சடங்கின் மிச்சமாகப் பார்க்க ஆரம்பித்தார்கள். 1934இல் ஆஸ்திரிய ஆய்வாளர் ஓட்டோ ஹோஃப்லர் இந்த ஓட்டங்களை ஜெர்மானிய வீரர்களின் ரகசியக் குழுக்களோடு இணைத்து எழுதினார், நாஜிகளுக்கு அந்த வாதம் மிகவும் பிடித்திருந்தது. இன்றைய ஆய்வாளர்கள் பெரும்பாலும் அந்த வழியை விட்டுவிட்டார்கள். குளிர்காலத்தை விரட்டும் ஆதிச் சடங்கு என்று சுற்றுலாக் கையேடுகள் சொல்வது அந்தப் பழைய வாதத்தின் எச்சம்தான். உங்களைப் போல ஆர்வத்தோடு கேட்பவர்களிடம் இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தொன்மை என்று ஒற்றை வார்த்தையில் மூடிவிட்டால், அந்த மேசையும் சீட்டும் ஆளி நாரும் கண்ணிலிருந்து மறைந்துபோகும்.

உருவங்கள் ஊருக்கு ஊர் மாறும். சால்ஸ்பர்க்கிலிருந்து மிகப் பக்கத்தில், ஜெர்மனிக்குள் இருக்கும் பெர்க்டெஸ்காடனில் உடம்பு முழுக்க வைக்கோல் சுற்றிய புட்டன்மாண்டல் வருவான். ஸ்டைரியாவில் பாட் மிட்டர்ன்டோர்ஃபில் டிசம்பர் 5 அன்று முழு நாடகமே நடக்கும், கூரைபோல வைக்கோல் போர்த்திய உயரமான உருவங்கள் சாட்டை சொடுக்கிக்கொண்டு முன்னே வருவார்கள். ஸ்லோவேனியாவில் பெர்க்தாவுக்குப் பெஹ்த்ரா பாபா என்று பெயர். சுவிட்சர்லாந்தில் ஊர்னேஷ் பக்கம் புத்தாண்டுக்கு முந்தைய நாளும், பழைய நாள்காட்டியின் கணக்குப்படி ஜனவரி 13 அன்றும் அழகு முகங்களும் கோர முகங்களும் வந்து வார்த்தையில்லாமல் பாடுவார்கள். நகரத்துக்குள் வந்தபோது கிராம்பஸ் வேறு ஆளாகிவிட்டான். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வியன்னாவில் அச்சான அஞ்சலட்டைகளில் சிவப்புப் பின்னணி, நீண்ட நாக்கு, ஒரு கால் குளம்பு, ஒரு கால் மனிதப் பாதம், கீழே கிராம்பஸின் வாழ்த்து என்ற வரி. பெரியவர்கள் ஒருவருக்கொருவர் சீண்டி அனுப்பிக்கொண்டவையும் அதில் நிறைய. உலர்ந்த பிளம் பழங்களைக் கம்பியில் கோத்துச் செய்யும் சின்னக் கிராம்பஸ் பொம்மையைச் சந்தையில் இன்றும் விற்கிறார்கள், உங்கள் மகளுக்கு அது நிச்சயம் பிடிக்கும்.

பெர்க்தன் ஓட்டத்தைப் பற்றி ஒரு கதை பல பள்ளத்தாக்குகளில் கேட்டிருக்கிறேன். பன்னிரண்டு பேர் கிளம்பி ஓடுகிறார்கள், நடுவழியில் தலையை எண்ணினால் பதின்மூன்று. எல்லோரும் முகமூடியைக் கழற்றியபோது ஒன்று மட்டும் கழலவில்லை. பிசாசு வேடம் போட்டவர்களுக்கு நடுவே உண்மையான பிசாசு வந்து சேர்ந்துவிட்டது. இதைச் சொன்ன முகமூடி செதுக்குபவர், கிளம்பும் முன்பும் வழியிலும் ஆளை எண்ணும் வழக்கத்தைத் தன் குழு இன்னும் விடவில்லை என்றார். வேடத்துக்குள் போகிறவனுக்கும் பயம் இருக்க வேண்டும் என்பதை அந்தக் கதை காப்பாற்றி வைத்திருக்கிறது.

நீங்கள் பார்த்த வீடியோ எதுவென்று ஊகிக்க முடிகிறது. கடந்த சில பத்தாண்டுகளில் சங்கங்கள் நடத்தும் காட்சி ஓட்டங்கள் பெருகிவிட்டன. நவம்பர் நடுவிலேயே தொடங்கிவிடும். இரும்புத் தடுப்பு, ஒலிபெருக்கி, புகை, எரியும் கண் வைத்த முகமூடி. உழைப்பில் குறை சொல்ல முடியாது. ஸ்டோன் பைன் மரத்தில் ஒரு முகத்தைச் செதுக்க வாரக்கணக்கில் ஆகும், செதுக்குபவர்கள் மிகத் திறமையானவர்கள். ஆனால் அந்தக் கூட்டத்தில் ஆயர் இல்லை, அல்லது முன்னால் ஒரு வண்டியில் கையசைத்துப் போய்விடுகிறார். நிறுத்தச் சொல்ல ஆள் இல்லாத இடத்தில், குடித்த பார்வையாளரும் முகம் தெரியாத ஓட்டக்காரரும் எதிரெதிரே நிற்கும்போது அடிதடி நடக்கிறது. அதனால்தான் சில ஊர்களில் வேடம் போட்டவருக்கு எண் கட்டுகிறார்கள். உங்கள் மூன்றாவது கேள்விக்கு என் பதில் இதுதான்: அழைத்து, அளந்து, நிறுத்தத் தெரிந்த ஒருவரோடு வரும் பயத்தைக் குழந்தையால் தாங்கிக்கொள்ள முடியும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆயர் இல்லாத மிரட்டலை நான் ஆதரிக்க மாட்டேன். எல்லாப் பிள்ளையும் ஒரே மாதிரி இல்லை என்பதால், அங்கே இருக்கும் பெற்றோரிலும் பலர் கிராம்பஸ் வாசலோடு நிற்கட்டும், நிக்கோலாஸ் மட்டும் வரட்டும் என்று குழுவிடம் சொல்லிவிடுகிறார்கள். குழுவும் அதை மதிக்கிறது.

உங்கள் பயணத்துக்கு வருகிறேன். சால்ஸ்பர்க்கிலிருந்து பாட் ஹோஃப்காஸ்டைனுக்கு ரயிலில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். டிசம்பர் 5 மாலை அங்கே தெருவில் நின்றாலே பாஸ்கள் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு நடந்து போவதைப் பார்க்கலாம். இரண்டு குழு எதிரெதிரே வந்தால் கிராம்பஸ்கள் தோளோடு தோள் மோதிக்கொள்வார்கள், அந்தப் பாதையில் மட்டும் நிற்காதீர்கள். ஆயர் பக்கமாக நில்லுங்கள். குடும்பங்கள் நடத்தும் விடுதியில் தங்கினால், தங்கள் வீட்டுக்குப் பாஸ் வருகிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள், பெரும்பாலும் மகளையும் மேசைக்குப் பின்னால் சேர்த்துக்கொள்வார்கள். அதற்கு முன்னால் பல ஊர்களில் முகமூடிக் கண்காட்சி வைப்பார்கள், அப்படி ஒன்று கிடைத்தால் முதலில் அங்கே கூட்டிப் போங்கள். செதுக்குபவரிடம் கேட்டால் முகமூடியைத் திருப்பிக் கொடுப்பார். உள்பக்கம் நெற்றி படும் இடத்தில் மெத்தை ஒட்டியிருக்கும், தாடைக்கு வார் இருக்கும், கண் துளை எவ்வளவு சின்னது என்று தெரியும். மகள் கையை உள்ளே விட்டுப் பார்க்கட்டும். பார்த்த பிறகும் டிசம்பர் 5 மாலை வேண்டாம் என்று அவள் சொன்னால் வற்புறுத்தாதீர்கள். அறையிலேயே இருந்து ஜன்னல் வழியாக மணிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாலும் போதும்.